இந்த வரைபடம் எந்த நாளுடையது?

(மதுரையில் பொதுமக்களுக்காக ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பலர் மனை வாங்கியிருப்பீர்கள். பத்திரம் போடுவதற்கு முன்னால் வில்லங்கம் போட்டுப் பார்த்திருப்பீர்கள். அந்த விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருக்கும்: எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை? நீங்கள் எழுதிக் கொடுத்த காலத்துக்கு மட்டும்தான் சான்று வரும். அதற்கு முந்திய நாள் நடந்த கிரயத்துக்கும், மறுநாள் நடக்கப்போகும் அடமானத்துக்கும் அது பொறுப்பேற்காது. கீழே சான்று வழங்கிய தேதி தனியாக இருக்கும். ஆக, ஒரே தாளில் இரண்டு வகைத் தேதிகள். எழுதிய நாள் ஒன்று. எழுதியது செல்லுபடியாகும் காலம் இன்னொன்று. இந்த வேறுபாடு நம் ஊரில் மனை வாங்கிய எவருக்கும் தெரியும்.

நான் கணினி வலையமைப்புத் தொழிலில் இருப்பவன். எந்த ரவுட்டரிலிருந்து எந்த ஸ்விட்சுக்கு எந்தக் கேபிள் போகிறது என்று படம் போட்டு வைப்பது எங்கள் வேலையில் ஒரு பகுதி. மனை வாங்குகிறவர் கேட்கும் அந்தச் சாதாரணக் கேள்வியை எங்கள் படங்களிடம் நாங்கள் பல காலம் கேட்கவே இல்லை. அதைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன். கணினியோடு நிறுத்தப்போவதில்லை. இந்த ஊரைச் சுற்றிக் கண்மாயும் கால்வாயுமாக ஒரு வலையமைப்பு இருக்கிறது. அது எங்கள் தொழிலைவிடப் பல நூற்றாண்டு மூத்தது. அதற்கும் இதே கேள்வி உண்டு.

முதலில் என் கையால் நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன்பு ஒரு நிறுவனத்தில் இரவு நேரப் பராமரிப்புக்குப் போயிருந்தேன். கருவிகள் இருந்த இரும்பு அலமாரியின் கதவுக்கு உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருந்தது. நீல மையில் கட்டங்கள், கோடுகள். அங்கங்கே சிவப்பு மையில் திருத்தங்கள். ஒட்டியிருந்த டேப் மஞ்சளாகிச் சுருண்டிருந்தது. இரண்டாம் மாடியிலிருந்து கிடங்குக் கட்டடத்துக்குப் போகும் ஒரு ஃபைபர் கோட்டின் மேல் ‘உபரி’ என்று எழுதியிருந்தது. உபரிதானே என்று அந்த முனையைக் கழற்றினேன். கிடங்கில் பில் போடுவது அப்படியே நின்றுபோனது. சரக்கு ஏற்றிய லாரிகள் வாசலில் 40 நிமிடம் நின்றன. டிரைவர்கள் இறங்கி வந்து கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

காரணம் மறுநாள் தெரிந்தது. ரோடு தோண்டியபோது பிரதானக் கேபிள் அறுந்திருக்கிறது. அன்றைக்கு இருந்தவர் உபரியைப் பிரதானமாக மாற்றி, அதைப் பொறுப்பாகப் படத்திலும் குறித்திருக்கிறார். ஆனால் குறித்தது கிடங்கில் ஒட்டியிருந்த இன்னொரு பிரதியில். இரண்டு தாளும் அதனதன் நாளில் சரியான தாள்கள்தான். எது பிந்தியது, எது எந்த நாளிலிருந்து செல்லாது என்பதை மட்டும் இரண்டுமே சொல்லவில்லை.

இந்த இரண்டு தேதிகளையும் பிரித்து எழுதுவதில் நம் முன்னோர் கெட்டிக்காரர்கள். கோயில் சுவரில் ஒரு தானக் கல்வெட்டைப் பாருங்கள். தொடக்கத்தில் அரசனின் ஆட்சியாண்டு வரும். ‘யாண்டு’ இத்தனை என்று. அது எழுதிய நாள். தானம் எதுவரை செல்லும் என்பதைச் சொல்லச் ‘சந்திராதித்தவரை’ என்று பொறித்திருப்பார்கள். சந்திரனும் சூரியனும் உள்ளவரை. அது செல்லுபடிக் காலம். பாண்டியர் கல்வெட்டுகளில் இன்னும் ஒரு நுணுக்கம் உண்டு. ‘யாண்டு 2, இதன் எதிர் 13’ என்பது போல ஆண்டை இரண்டு எண்களாக எழுதுவார்கள். இரண்டையும் கூட்டிப் பதினைந்தாம் ஆண்டு என்று கொள்வது ஆய்வாளர் வழக்கம். இன்று மென்பொருள் எழுதுகிறவர்கள் 2.13 என்று பதிப்பு எண் போடுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த எதிராண்டு ஞாபகம் வரும். பொருள் வேறு, எண்ணின் அமைப்பு ஒன்று போல இருக்கிறது, அவ்வளவுதான். எழுதியது எப்போது எழுதப்பட்டது என்று தெரியவேண்டும் என்ற அக்கறை இரண்டிலும் இருக்கிறது.

இப்போது பெரியாற்றுக்கு வருவோம். மதுரைச் சமவெளியின் வலையமைப்பில் மிக நீளமான இணைப்புகளில் ஒன்று அது. மேற்கே அரபிக்கடலுக்குப் போக இருந்த தண்ணீரை, கர்னல் பென்னிகுயிக் கட்டிய அணை 1895 முதல் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே திருப்பியது. லோயர் கேம்ப் பக்கம் இறங்கி, சுருளியாறு வழியாக வைகையில் சேர்ந்து, பேரணைக்கு வந்து, அங்கிருந்து பெரியாறு பிரதானக் கால்வாயில் ஏறி மேலூர் வரை போகிறது.

இந்த இணைப்புக்கு ஆதாரமான குத்தகைப் பத்திரம் 1886 அக்டோபர் 29-ல் எழுதப்பட்டது. செல்லுபடிக் காலம் 1886 ஜனவரி 1 முதல் 999 ஆண்டுகள். கணக்குப் போட்டால் 2884 டிசம்பர் 31 வரை. எழுதிய நாளும் செல்லுபடியாகத் தொடங்கும் நாளும் வேறு வேறாக இருப்பதைக் கவனியுங்கள். பத்திரம் அக்டோபரில், காலம் ஜனவரியிலிருந்து. இரண்டையும் ஒரே கட்டத்தில் எழுதியிருந்தால் பத்து மாதம் காணாமல் போயிருக்கும்.

அதற்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். 1970-ல் துணை ஒப்பந்தம். ஏக்கருக்கு 5 ரூபாயாக இருந்த குத்தகை 30 ரூபாய் ஆனது. 1979-ல் அணையின் நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. 2014 மே 7-ல் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்கலாம் என்று தீர்ப்பளித்தது. இணைப்பு அதேதான். அதன் ஆயுளும் 999 ஆண்டுதான். ஆனால் அதைப் பற்றிய விவரம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. ஆயுள் ஒன்று, பதிப்புகள் பல. 1990-ல் எவ்வளவு தேக்கினார்கள் என்று ஒருவர் கேட்டால் 142 என்று சொல்லக்கூடாது. இன்று கேட்டால் 136 என்று சொல்லக்கூடாது. இரண்டு எண்களும் நம்மிடம் இருக்க வேண்டும். ஒன்று மற்றதை அழித்துவிடக் கூடாது.

நேர்மாறான மாற்றமும் இங்கேயே இருக்கிறது. 1959-ல் வைகை அணை திறக்கப்பட்டது. அதற்கு முன் பெரியாற்றுத் தண்ணீர் வைகை வழியே நேரே பேரணைக்கு வந்தது. 1959-க்குப் பின் நடுவில் ஓர் அணை, அதன் ஷட்டர், அதைத் திறக்கும் உத்தரவு. எங்கள் பாஷையில் சொன்னால், ஒரு கோடு முடிந்து, நடுவில் ஒரு புள்ளி முளைத்து, இரண்டு புதிய கோடுகள் பிறந்தன. இதைப் பழைய கோட்டின் புதுப் பதிப்பு என்று எழுதக்கூடாது. பழைய கோட்டுக்கு முடிவுத் தேதி போட்டு மூடிவிட்டு, புதிய கோடுகளுக்குத் தொடக்கத் தேதி போட வேண்டும். எது பதிப்பு மாற்றம், எது பிறப்பு இறப்பு என்று பிரித்தறிவதுதான் இந்த வேலையில் கடினமான பகுதி. என் கருத்தில் இதற்கு ஒரே சோதனை போதும்: அந்தப் பொருளின் பழைய பெயரைச் சொல்லி ஒருவர் கைகாட்டினால் இன்றைக்கும் அதே இடத்தில் அதே வேலையைச் செய்யும் ஒன்று இருக்கிறதா? இருந்தால் பதிப்பு மாற்றம். இல்லையென்றால் அது வேறு பொருள்.

செல்லுபடிக் காலத்தைத் துல்லியமாக எழுதும் வழக்கத்தைப் பார்க்க வேண்டுமானால் பாசனத்துக்குத் தண்ணீர் திறக்கும் அரசாணையைப் படியுங்கள். பேரணை முதல் கள்ளந்திரி வரை இருபோகப் பாசனம், 45,041 ஏக்கர். முதல் போகத்துக்கு 120 நாட்கள் தண்ணீர். முதல் 45 நாட்கள் விநாடிக்கு 900 கனஅடி வீதம் முழுமையாகவும், அடுத்த 75 நாட்கள் முறை வைத்தும். கள்ளந்திரிக்குக் கீழே மேலூர்ப் பக்கம் ஒருபோகம், 85,563 ஏக்கர். திருமங்கலம் பிரதானக் கால்வாய்க்கு 19,439 ஏக்கர். வாடிப்பட்டியிலோ மேலூரிலோ விவசாயம் செய்கிறவரிடம் ‘கால்வாய் இருக்கிறதா?’ என்று கேட்டால் சிரிப்பார். ‘தண்ணி எப்ப? எத்தனை நாளைக்கு? முறை யாருக்கு?’ என்பதுதான் அவருடைய கேள்வி. கால்வாய் என்ற கோடு வருடம் முழுக்க மண்ணில் இருக்கிறது. பாசன இணைப்பாக அது ஒரு போகத்துக்கு 120 நாள்தான் இருக்கிறது. அதிலும் பிந்திய 75 நாள் இருந்து இருந்து இல்லாமல் போகிறது. முறை என்ற அந்தச் சொல்லுக்குள் ஒரு முழுக் கால அட்டவணை அடங்கியிருக்கிறது. நாற்று பாவுவதா, பொறுப்பதா என்று முடிவெடுப்பது அந்த அட்டவணையை வைத்துத்தான், வரைபடத்தை வைத்து இல்லை.

இனி கணினிக்குப் போகலாம். 1980 அக்டோபர் 27. இன்றைய இணையத்துக்கு முன்னோடியான ஆர்ப்பாநெட் என்ற அமெரிக்க வலையமைப்பு பல மணி நேரம் படுத்துவிட்டது. யாரும் தாக்கவில்லை. கேபிளும் அறுபடவில்லை. அந்த வலையமைப்பில் ஒவ்வொரு நிலையக் கணினியும் தன் பக்கத்து இணைப்புகளின் நிலையை அவ்வப்போது எல்லோருக்கும் அறிவிக்கும். எல்லா அறிவிப்புகளையும் சேர்த்துத்தான் ஒவ்வொரு கணினியும் தனக்குள் முழுப் படத்தை வரைந்துகொள்ளும். எந்த அறிவிப்பு பிந்தியது என்று தெரிய ஒரு வரிசை எண். ஆறு பிட் எண். 0 முதல் 63 வரை போய் மறுபடி 0-விலிருந்து சுற்றும். சுற்றும் எண்ணில் எது முன், எது பின்? அதற்கு ஒரு விதி: பெரிய எண்ணுக்கும் சிறிய எண்ணுக்கும் இடையே உள்ள தூரம் 32-க்குள் இருந்தால் பெரியது பிந்தியது, 32-ஐத் தாண்டினால் சுற்றி வந்துவிட்டது என்று பொருள், அப்போது சிறியதுதான் பிந்தியது.

நல்ல விதிதான். அன்றைக்கு ஒரு கணினியின் நினைவகத்தில் கோளாறு. எண்களில் பிட்டுகள் உதிர்ந்தன. 50-ஆம் எண் கணினியின் ஒரே அறிவிப்பு மூன்று வரிசை எண்களோடு உலவத் தொடங்கியது: 44, 40, 8. இரும எண்ணில் எழுதிப் பாருங்கள். 44 என்பது 101100. அதில் ஒரு 1 உதிர்ந்தால் 101000, அதாவது 40. இன்னொரு 1 உதிர்ந்தால் 001000, அதாவது 8. இப்போது விதியைப் போடுங்கள். 44, 40-ஐவிடப் பிந்தியது, இடைவெளி 4. 40, 8-ஐவிடப் பிந்தியது; இடைவெளி 32. 8, 44-ஐவிடப் பிந்தியது. இடைவெளி 36, அதனால் சுற்றிவிட்டதாகக் கணக்கு. மூன்றும் ஒன்றைவிட ஒன்று புதியது. ஒவ்வொரு கணினியும் 8-ஐத் தள்ளி 40-ஐ வாங்கி, அதைத் தள்ளி 44-ஐ வாங்கி, அதையும் தள்ளி மறுபடி 8-ஐ வாங்கி, ஒவ்வொரு முறையும் புதுச் செய்தி என்று அக்கம்பக்கத்துக்கு அனுப்பியது. வேறு எதற்கும் நேரமில்லாமல் வலையமைப்பே திணறியது.

வயது என்று ஒரு சிறிய கணக்கும் அந்த அறிவிப்பில் இருந்தது. அது தீர்ந்தால் அறிவிப்பு செத்ததாக அர்த்தம். ஆனால் ஒரு கணினியில் 8 விநாடி தங்கினால்தான் அதில் ஒன்று கழியும். இங்கே அந்த மூன்று செய்திகளும் எந்தக் கணினியிலும் 8 விநாடி தங்கவே இல்லை. அதற்குள் அடுத்தது வந்து தள்ளிவிட்டது. ஓடிக்கொண்டே இருந்ததால் வயதாகவில்லை. கடைசியில், 50-ஆம் கணினியிலிருந்து வரும் அறிவிப்புகளைக் கவனிக்காதே என்று மற்றக் கணினிகளுக்குத் திருத்தம் அனுப்பித்தான் நிலைமையைச் சரிசெய்தார்கள். இந்தச் சம்பவத்தின் அறிக்கையை நான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். பதிப்பு எண் மட்டும் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

பின்னால் வந்தவர்கள் இதிலிருந்து கற்றார்கள். இன்று பல நிறுவனங்களின் ரவுட்டர்கள் பேசும் ஓ.எஸ்.பி.எஃப். என்ற நெறியில் வரிசை எண் சுற்றுவதில்லை. ஒரு முனையில் தொடங்கி மேலே போய்க்கொண்டே இருக்கும். ஒவ்வொரு அறிவிப்புக்கும் ஆயுள் ஒரு மணி நேரம். தங்கியிருக்கும்போதும் வயது ஏறும், கைமாறும்போதும் ஏறும். எந்த மாற்றமும் இல்லாவிட்டாலும் 30 நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு ரவுட்டரும் ‘நான் இருக்கிறேன், என் இணைப்புகள் இவை’ என்று மறுபடி சொல்ல வேண்டும். சொல்லாதவரின் பேச்சு ஒரு மணி நேரத்தில் தானாகக் காலாவதியாகும். எழுதிய நாள், செல்லுபடிக் காலம் என்று இதுவரை இரண்டு சொன்னேன். இங்கே மூன்றாவது ஒன்று சேர்கிறது: கடைசியாக உறுதிசெய்த நேரம்.

2013-ல் ஓப்பன் கிரிட் ஃபோரம் என்ற அமைப்பு, வலையமைப்புகளை எழுதி வைப்பதற்கென்றே ‘நெட்வொர்க் மார்க்கப் லாங்குவேஜ்’ என்ற பொதுமொழியை வெளியிட்டது. ஆராய்ச்சி நிறுவனங்களின் வலையமைப்புகள் நாடு விட்டு நாடு இணைந்து வேலை செய்ய வேண்டியிருந்தது. ஒருவர் எழுதிய படம் மற்றவருக்குப் புரிய வேண்டும். அந்த மொழியில் புள்ளி, போர்ட், இணைப்பு எதுவானாலும் அதன் விவரத்துக்கு ஒரு பதிப்பு நேரம் கொடுக்கலாம். அந்தப் பொருள் இருக்கும் காலத்துக்குத் தொடக்கமும் முடிவும் தனியே கொடுக்கலாம். ஒன்றோடு ஒன்று கலக்காது. நாளை மறுநாள் காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை மட்டும் இருக்கப்போகும் இணைப்பை இன்றைக்கே எழுதி வைக்க முடியும். எனக்கு அதில் மிகவும் பிடித்த இன்னொரு முடிவு: இணைப்பு என்றால் ஒரே திசைதான். போக ஒன்று, வர ஒன்று. கண்மாய் பார்த்து வளர்ந்தவனுக்கு அது இயல்பாகவே படுகிறது. நீர் வரும் வரத்துக்கால் வேறு, வழிந்து வெளியேறும் மறுகால் வேறு; தண்ணீர் ஏறிப் போகாது.

இதை அப்படியே எடுத்து மதுரையின் மேல் வைத்துப் பார்க்கலாம். மழைநீர் ஒரு கண்மாயில் நிரம்பி, கலுங்கு வழிந்து, மறுகாலாக ஓடி, அடுத்த கண்மாய்க்கு வரத்தாகிறது. கடைசியில் வைகையில் சேர்கிறது. நகரம் வளர்ந்தபோது இதில் பல புள்ளிகள் மாறின. உயர் நீதிமன்றக் கிளை 2004 ஜூலையில் உலகனேரி கண்மாய்ப் பரப்பில் திறக்கப்பட்டது. மாநகராட்சிக் கட்டடம் நிற்பது தல்லாகுளம் கண்மாய் இருந்த இடத்தில். கட்டியது சரியா தவறா என்ற வழக்குக்குள் நான் இன்று போகவில்லை. பதிவேட்டில் என்ன ஆகிறது என்பது என் கேள்வி. ஒரு கண்மாய்க்கு முடிவுத் தேதி போட்டால், அதில் வந்து முடிகிற வரத்துக்கால்களுக்கு என்ன தேதி போடுவது? கணினி வலையமைப்பில் விதி எளிது: இணைப்பின் ஆயுள் அதன் இரு முனைகளின் ஆயுளுக்குள் அடங்க வேண்டும். முனை செத்தால் கோடும் செத்தது. தண்ணீருக்கு அந்த விதி பொருந்தாது. கண்மாய் போன பிறகும் மேட்டு நிலம் மேடாகத்தான் இருக்கிறது. ஐப்பசி மழையில் அதே வழியில் தண்ணீர் வருகிறது. வந்து, முன்பு கண்மாய் இருந்த இடத்தில் இப்போது இருக்கும் தெருவில் நிற்கிறது. முனை இல்லாத கோடு ஒன்று பதிவேட்டில் இருந்தால் அது பிழை இல்லை, எச்சரிக்கை. அதை அழித்துவிட்டால் எச்சரிக்கையும் சேர்ந்து அழிந்துபோகும்.

2024 அக்டோபர் 25 மழையில் செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது உங்களுக்கு நினைவிருக்கும். பாத்திரங்கள் மிதந்த வீடுகளைப் பார்த்தோம். அதன் பிறகு செல்லூர் கண்மாயிலிருந்து வைகைக்குச் சிமென்ட் கால்வாய் கட்டப்படும் என்று அரசு அறிவித்தது. வரைபடம் வைத்திருப்பவர் அன்றைக்கே ஒரு கோடு போட்டுவிடலாமா? போடலாம், எழுதிய தேதி போட்டு, தொடக்கத் தேதியைக் காலியாக விட்டு. அறிவித்த கால்வாயும் ஓடுகிற கால்வாயும் ஒரே மாதிரிக் கோடாக ஒரு படத்தில் இருந்தால், அடுத்த மழையில் யாரோ ஒருவர் அந்தப் படத்தை நம்பி மோட்டாரை வேறு தெருவுக்கு அனுப்பிவிடுவார். கிடங்கு வாசலில் நின்ற லாரிகளை நினைத்துக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன். அங்கே 40 நிமிடம் பில் நின்றது. இங்கே நிற்பது வீட்டுக்குள் தண்ணீர்.

கிராமங்களில் இந்தப் பதிவேடு, கண்மாய் நீரைப் பங்கிடும் நீர்ப்பாய்ச்சியின் தலைக்குள் இருந்தது. எந்த மடை எந்த வருடம் தூர்ந்தது, எந்தக் கலுங்கில் கல் பெயர்ந்தது, மறுகால் எந்தப் பக்கம் உடைத்துக்கொண்டு போகும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். மழைக்கு முன் கரை மேல் நடந்து பார்த்துவிட்டு வருவார். ரவுட்டர் 30 நிமிடத்துக்கு ஒருமுறை சொல்வதை அவர் வருடத்துக்கு ஒருமுறை சொன்னார். அவர் போன பிறகு அந்த உறுதிசெய்தலைச் செய்ய ஆள் இல்லாத கண்மாய்கள் இருக்கின்றன. புல வரைபடத்தில் கோடு அப்படியே இருக்கிறது. கடைசியாக யார் நடந்து பார்த்தார்கள் என்று அந்தக் கோட்டிடம் கேட்டால் பதில் வராது.

ஆகவே இந்த அரங்கில் இருக்கும் மாணவர்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். உங்கள் வீட்டுக்கு அருகே இருக்கும் ஒரே ஒரு வரத்துக்காலை எடுத்துக்கொள்ளுங்கள். புரட்டாசிக்குள் அதன் தலையிலிருந்து கடைசி வரை நடந்து பாருங்கள். ஒரு நோட்டில் எழுதுங்கள்: எங்கிருந்து, எங்கே. எப்போதிலிருந்து இருக்கிறது, பெரியவர்களைக் கேட்டு. எப்போது முடிந்தது, முடியவில்லை என்றால் காலியாக விடுங்கள். இதை எழுதிய நாள். கடைசியாக நடந்து பார்த்த நாள். பழைய பக்கத்தை அடிக்காதீர்கள், கிழிக்காதீர்கள். மாறியிருந்தால் அடுத்த பக்கத்தில் புதிதாக எழுதுங்கள். அடுத்த புரட்டாசியில் எதுவுமே மாறாமல் இருக்கலாம். அப்போதும் போய், நடந்து, ‘மாற்றமில்லை’ என்று எழுதித் தேதி போடுங்கள்.